துடுப்பு வெட்டிய மீனும் நேர்ந்துவிட்ட கிடாவும்

9 செப்டம்பர் 2023

கோவை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன வாரம் நீங்கள் போட்ட படத்தில் அந்த சால்மன் முதுகில் ஒரு துடுப்பைக் காணோமே? விசாரித்தால், ஹேச்சரியில், அதாவது மீன்குஞ்சு பொரிப்பகத்தில், பொரித்து, துடுப்பை வெட்டி, ஆற்றில் விட்டு, அது கடலுக்குப் போய்த் திரும்பி வரும்போது பிடிக்கிறார்களாம். இதற்குப் பெயர் மீன்பிடியா? அதிலும் துடுப்பை வெட்டுவது மீன் இனத்தைக் காப்பாற்றத்தான் என்று வேறு சொல்கிறார்கள். வெட்டினால் எப்படி ஐயா காப்பாற்ற முடியும்?"

வெட்டிய மீனைக் காப்பாற்ற இல்லை, வெட்டாத மீனைக் காப்பாற்ற. அவ்வளவுதான் பதில். துடுப்பு இல்லையென்றால் தொட்டியில் பிறந்தது, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துடுப்பு இருந்தால் ஆற்றில் பிறந்தது, திருப்பி விட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் நாங்கள் போகிற பகுதிகளில் பெரும்பாலும் இதுதான் சட்டம்.

9 செப்டம்பர் 2023, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆறு பேர் "எந்தத் துடுப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் வால் துடுப்பு என்றே முடிவு செய்துவிட்டார். வாலை வெட்டினால் மீன் எப்படி நீந்தும்?

சால்மன் முதுகில் நடுவே பெரிய துடுப்பு ஒன்று இருக்கும். அதற்கும் வாலுக்கும் இடையில், முள்ளே இல்லாமல், சுண்டுவிரல் நுனி மாதிரி சதையாகச் சின்னதாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கொழுப்புத் துடுப்பு என்று பெயர். பெயரில்தான் கொழுப்பு, உள்ளே கொழுப்பு ஒன்றும் கிடையாது. வெட்டுவது இதைத்தான்.

இது ஏதோ அமெரிக்க அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் கெளுத்திக்கும் இது உண்டு. அடுத்த முறை சந்தையில் பார்த்தால் முதுகில் வால் பக்கமாகத் தடவிப் பாருங்கள், நீளமாக வழவழவென்று ஓடும். முன்பக்கத்து முள்ளில் மட்டும் கை வைக்காதீர்கள். பத்து வயதில் வாய்க்காலில் ஒன்றைப் பிடிக்கப்போய்க் குத்து வாங்கினேன். அப்பாயி சுண்ணாம்பைத் தடவிவிட்டு, "மீனு உன்னைப் பிடிச்சிருக்குடா" என்றார்.

11 செப்டம்பர் 2023

முதல் குறிப்பில் அவசரப்பட்டுவிட்டேன். ஏன் இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது என்று சொன்னால்தான் விஷயம் பிடிபடும்.

ஒரு தாய் சினூக் சால்மன் நாலாயிரம், ஐயாயிரம் முட்டை இடும். ஆற்றுச் சரளையில் இட்டால் வெள்ளம் அடித்துப் போகும், சேறு மூடும், மற்ற மீன் தின்னும். மிஞ்சுவது கொஞ்சம். அதே முட்டைகளைத் தட்டில் அடுக்கிக் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் பெரும்பகுதி பொரித்துவிடும். அதனால் ஹேச்சரி மீன் கூட்டத்துக்கு அடுத்த தலைமுறை பற்றிக் கவலையில்லை. வருவதில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டாலும், மிச்சம் திரும்புகிற கொஞ்சத்தில் தொட்டி நிறைந்துவிடும். ஆற்றில் பிறந்த கூட்டம் அந்த அளவு பிடியைத் தாங்காது, சில வருடங்களில் அற்றுப்போகும்.

சிக்கல் என்னவென்றால் கடலில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஒரே நிறம், ஒரே எடை, ஒரே தூண்டிலைக் கடிக்கும். தொட்டி மீனை நம்பிப் பிடிப்பு அளவைக் கூட்டினால் ஆற்று மீன் சாகிறது. ஆற்று மீனை நினைத்துக் குறைத்தால், செலவு செய்து வளர்த்த தொட்டி மீன் யாருக்கும் உதவாமல் போகிறது. சியாட்டில் பக்கத்துக் கடற்கழியான பியூஜெட் சவுண்டின் சினூக்கை 1999-ல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் மத்தியப் பட்டியலில் சேர்த்த பிறகு இந்தச் சிக்கல் கழுத்தைப் பிடித்தது. அதற்கு முன்பே, 1990-களின் நடுவில், வாஷிங்டன் மாநிலம் கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகைக்கு மொத்தமாகத் துடுப்பு வெட்ட ஆரம்பித்திருந்தது. பிறகு மத்திய அரசின் பணத்தில் நடக்கிற ஹேச்சரிகளில் பிடிப்புக்கென்று வளர்க்கிற மீனுக்கு அடையாளம் போட்டே ஆக வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமும் சொல்லிவிட்டது.

ஹேச்சரிகளே ஏன் வந்தன என்பது தனிக்கதை. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை 1940-களின் தொடக்கத்தில் எழுந்தது. அதில் மீன் ஏறும் படிக்கட்டே கிடையாது. அதற்கு மேலே நூற்றுக்கணக்கான மைல் ஆறு சால்மனுக்கு ஒரேயடியாக மூடிவிட்டது. இப்படி அணை அணையாகக் கட்டிவிட்டு, ஆற்றுக்குப் பதில் தொட்டி தருகிறோம் என்றார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு நிவாரணத்துக்கு அரிசி மூட்டை தந்த மாதிரி.

11 செப்டம்பர் 2023

அரிசி மூட்டை உவமை பிடிக்கவில்லை என்று ஒருவர். எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.

14 செப்டம்பர் 2023

"லட்சக்கணக்கான குஞ்சுக்கு ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோல் வைப்பார்களா?" என்கிறார் தூத்துக்குடி அண்ணன்.

முன்பெல்லாம் அப்படித்தான். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, மயக்க மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சைக் கிடத்தி, சின்னக் கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். இன்றும் சில இடங்களில் உண்டு. பெரிய ஹேச்சரிகளுக்கு இப்போது ஒரு நீள டிரெய்லர் வண்டி வரும். இரண்டு வருடம் முன்பு வசந்த காலத்தில் ஒன்றின் உள்ளே எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. மீன் வாடையைவிட ஈர உலோக வாடைதான் அதிகம். தொட்டியிலிருந்து குழாய் வழியாகக் குஞ்சுகள் வருகின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் ஆள்காட்டி விரல் நீளம். கேமரா அளவெடுத்து இன்ன அளவுக்கு இன்ன வரிசை என்று பிரித்து அனுப்புகிறது. குஞ்சு ஓடும் தண்ணீரை எதிர்த்துத் தானாகவே ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. மூக்கு முட்டியதும் பக்கவாட்டில் மெல்லப் பிடித்துக்கொள்கிறது. படம் எடுத்து, துடுப்பு இருக்கும் இடம் பார்த்து, ஒரு 'டிக்'. மீன் மறுபக்கம் போய் விழுந்துவிடுகிறது. மயக்க மருந்தும் இல்லை, மனிதக் கையும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த வரிசையில் ஒன்றுக்கு ஒன்று இடைவெளி சில நொடிதான்.

அதே நேரத்தில் சில குஞ்சுகளுக்கு மூக்கில் ஒரு கம்பித் துண்டையும் செலுத்துகிறார்கள். நீளம் 1.1 மில்லிமீட்டர், தடிமன் கால் மில்லிமீட்டர். முடித்துண்டு மாதிரி இருக்கும், அதன் மேல் எண் பொறித்திருக்கும். எந்த ஹேச்சரி, எந்த வருடம், எந்தக் குழு என்று அதில் தெரியும். 1960-களில் வாஷிங்டன்காரர்கள் இருவர், கீத் ஜெஃபர்ட்ஸ், பீட்டர் பெர்க்மன், கண்டுபிடித்தது. படிக்க வேண்டுமென்றால் மீன் தலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். படகுத்துறையில் மீன்வளத் துறை ஆள் ஒருவர் கையில் கோல் மாதிரி ஒரு கருவியோடு நிற்பார். பிடித்த மீனின் மூக்கருகே ஆட்டுவார். 'பீப்' என்றால் மூக்குப் பகுதியை அறுத்துப் பையில் போட்டு எழுதிக்கொள்வார். எங்கள் வீட்டில் தலைக்கறி பிரியர்கள் இருப்பதால் பீப் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

17 செப்டம்பர் 2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் தூண்டில் பழகின முதல் வருடம். நண்பரின் படகு, விடியற்காலை, மூடுபனி. ஒரு சினூக் மாட்டியது. இருபது நிமிடம் இழுத்திருப்பேன், கை நடுங்கியது. பக்கத்தில் வந்ததும் நண்பர் கைவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிடித்துக்கொண்டார். விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்கக் கூடாது, அதுவும் சட்டம். குனிந்து பார்த்தோம். துடுப்பு முழுசாக இருந்தது. சரி, விடலாம் என்று இடுக்கியை எடுத்தால், முள் வாயில் இல்லை. செவுளுக்குள் போயிருந்தது. எதிர்முள் இல்லாத முள்தான், உருவ வந்துவிட்டது. ஆனால் அதோடு ரத்தமும் வந்தது. சால்மன் ரத்தம் பச்சைத் தண்ணீரில் இறங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புகை மாதிரி கலைகிறது.

வாலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி செவுளில் தண்ணீர் ஓடவிட்டுப் பார்த்தோம். அது ஒரு தடவை கையை உதறியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. வெள்ளை வயிறு. பத்து கிலோவுக்குக் குறையாது.

எடுத்துக்கொள்ளக் கூடாது. செத்தாலும் விடத்தான் வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் செத்த மீனோடுதான் கரைக்கு வருவார்கள். நியாயமான சட்டம் என்று அன்றும் புரிந்தது. ஆனால் சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவன் அந்த மீனைக் கடற்காக்கைகளுக்கு விட்டுவிட்டு வந்தபோது, நண்பர் கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை.

ஆக, "துடுப்பு இருந்தால் திருப்பி விட வேண்டும்" என்று முதல் நாள் ஒரே வரியில் எழுதினேனே, அந்த 'விடு' என்ற வார்த்தைக்குள் இதுவும் இருக்கிறது. அதிகாரிகளும் இதை மறைக்கவில்லை. விடப்படும் மீனில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை எப்படியும் செத்துப்போகும் என்று மீனின் அளவுக்கு ஏற்ப முன்கூட்டியே கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு நிரம்பினால், தொட்டி மீன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சீசனை மூடிவிடுவார்கள். முதலில் கேட்ட கோவை நண்பருக்கு நான் கொடுத்த பதில் தப்பில்லை. கொஞ்சம் சுத்தமாக இருந்துவிட்டது.

18 செப்டம்பர் 2023

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் சேர்த்து: அப்புறமும் மீன் பிடிக்கப் போனேன். ஒற்றை முள்ளைச் சின்னதாகப் போடுகிறேன், சீக்கிரம் இழுக்கிறேன்.

20 செப்டம்பர் 2023

வான்கூவரிலிருந்து ஒரு தம்பி என் முதல் குறிப்பையே போட்டு உடைத்திருக்கிறார். "துடுப்பு இருந்தால் ஆற்றில் பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கனடா ஹேச்சரி சினூக்கில் பெரும்பகுதிக்குத் துடுப்பு வெட்டுவதே இல்லை. அது உங்கள் தூண்டிலில் மாட்டினால் ஆற்று மீனா?"

தம்பி சொல்வது சரி. மேலே உள்ளதைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், என் தப்பும் தெரியட்டும். துடுப்பு இல்லையென்றால் தொட்டி மீன் என்பது ஏறக்குறைய உறுதி. துடுப்பு இருந்தால் ஆற்று மீன் என்பது உறுதியே இல்லை. இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன்:

பிங்க், சம் என்ற இரண்டு சால்மன் வகைகளும் பொரித்த கொஞ்ச நாளிலேயே கடலுக்குப் போகிறவை. அவ்வளவு பொடிக் குஞ்சுகளுக்கு மொத்தமாகத் துடுப்பு வெட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அலாஸ்காவில் கோடிக்கணக்கில் விடுகிற பிங்க் குஞ்சுகளுக்கு வேறு வித்தை. முட்டைத் தட்டில் ஓடும் நீரின் வெப்பத்தை ஒரு கால அட்டவணைப்படி சில டிகிரி ஏற்றி இறக்குவார்கள். குஞ்சின் காதுக்குள் இருக்கிற சின்னக் கல்லில், செவிக்கல்லில், அது கோடு கோடாகப் பதிந்துவிடும், மரத்தில் வளையம் விழுகிற மாதிரி. கடைப்பொருளில் பட்டைக்கோடு இருக்குமே, அதேதான். மீனின் வெளியே ஒரு கீறலும் இருக்காது. செத்த பிறகு தலையைத் திறந்து, கல்லைத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். தூண்டில்காரனுக்கு அதனால் பிரயோசனமில்லை.

கொலம்பியாவில் வந்து சேர்கிற ஸ்னேக் ஆற்றில் தாய் மீன், தகப்பன் மீன் எல்லாவற்றிலும் துடுப்பில் துளி கிள்ளி மரபணுவைப் பதிந்து வைக்கிறார்கள். பிறகு எந்தப் பிள்ளை அகப்பட்டாலும் பெற்றோர் யார் என்று சொல்லிவிடலாம். மீனுக்கு ஜாதகம்.

இன்னொன்று. முன்பு கொழுப்புத் துடுப்பு இல்லையென்றாலே மூக்கில் கம்பி இருக்கிறது என்று பொருள். அதற்காகவே ஒதுக்கி வைத்த அடையாளம் அது. எல்லாத் தொட்டி மீனுக்கும் வெட்ட ஆரம்பித்ததும் அந்த மொழி கெட்டுப்போனது. இப்போது துடுப்பு இல்லாமல் கம்பியும் இல்லாத மீன் ஏராளம். வேண்டுமென்றே துடுப்பை விட்டுவைத்து உள்ளே கம்பி மட்டும் வைத்த மீனும் உண்டு. வெட்டியது எவ்வளவு பிடிபடுகிறது, வெட்டாதது எவ்வளவு தப்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட. அதனால்தான் அந்தப் பீப் கோல்.

20 செப்டம்பர் 2023, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் விட்டுப்போன பெரிய விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். பூர்வகுடிகள்.

1854, 1855 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்த குடிகள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நூறு வருடம் மாநிலம் அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் தன் சொந்த ஆற்றில் வலை போட்டதற்காக ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பெழுதினார். அன்றிலிருந்து மாநிலமும் குடிகளும் சேர்ந்துதான் மீன்வளத்தை நிர்வகிக்கிறார்கள்.

இந்தத் துடுப்பு ஏற்பாட்டில் பல குடிகளுக்கு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் போடுவது செவுள் வலை. வலைக்குத் துடுப்பைத் தடவிப் பார்க்கத் தெரியாது. பிடித்து, பார்த்து, விடுகிற வசதி என்னைப் போன்ற பொழுதுபோக்குத் தூண்டில்காரனுக்குத்தான். நாங்கள் விட்டுவிட்டுச் சாகடிக்கிற ஆற்று மீனும் அந்த ஒரே கணக்கில்தான் கழிகிறது. இன்னொரு பக்கம், ஸ்னேக் ஆற்றில் நெஸ் பெர்ஸ் போன்ற குடிகள், பிறந்த ஆற்றில் போய் முட்டையிடட்டும் என்றே குஞ்சு வளர்க்கிறார்கள். அதற்குத் துடுப்பை வெட்டினால் வழியிலேயே நாங்கள் பிடித்துத் தின்றுவிடுவோம். அதனால் அவற்றில் ஒரு பகுதியை வெட்டாமல் விடுகிறார்கள். தொட்டியில் பிறந்த மீன்தான், ஆனால் அதன் துடுப்பு அதற்குப் பாஸ்போர்ட்.

இதை முதலில் கேட்டபோது "ஏமாற்று வேலை" என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

24 செப்டம்பர் 2023

மீனுக்கு வலிக்காதா என்ற கேள்விக்கு இவ்வளவு நாள் நழுவிக்கொண்டிருந்தேன்.

"அது ஒட்டுக்குடல் மாதிரி, எதற்கும் உதவாதது" என்று எல்லா ஹேச்சரியிலும் சொல்வார்கள். நானும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அப்படியே ஒப்பித்திருக்கிறேன். ஆனால் 2004-ல் வந்த ஒரு ஆய்வில், கொழுப்புத் துடுப்பை எடுத்துவிட்ட ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்புகிற டிரௌட், சால்மனுக்கு உறவு) குஞ்சுகள் ஓடும் நீரில் வாலைச் சுமார் 8 சதவீதம் அதிகமாக வீச வேண்டியிருந்தது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் துடுப்புக்குள் நரம்புகள் இருப்பதையும் காட்டினார்கள். வாலுக்கு வரும் நீரோட்டத்தை முன்கூட்டியே உணர்கிற உறுப்பாக இருக்கலாம் என்பது அவர்கள் யூகம். ஒட்டுக்குடல் கதையை இனி சொல்ல மாட்டேன்.

பழக்கமும் இருக்கிறது பாருங்கள். இத்தனை வருடத்தில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் எதற்கும் அந்தத் துடுப்பு இருந்ததில்லை. என் மகள் பள்ளியில் சால்மன் வரைந்தபோது அதைப் போடவே இல்லை. டீச்சர் கேட்டதற்கு, "எங்க வீட்டு சால்மனுக்குக் கிடையாது" என்றாளாம்.

25 செப்டம்பர் 2023

சமையல் கேட்டவர்களுக்கு: சால்மன் புளிக்குழம்பில் உடைந்துபோகும், எண்ணெய் மிதக்கும். மிளகும் மஞ்சளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் போடுங்கள். வஞ்சிரம் மாதிரி வராது என்று வீட்டில் இன்னமும் சொல்கிறார்கள், நான் வாதாடுவதில்லை.

கடையில் 'வைல்ட்' என்று எழுதியிருப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். கூண்டில் தீனி போட்டு வளர்த்ததில்லை, கடலில் பிடித்தது என்றுதான் அதற்கு அர்த்தம். அலாஸ்காவில் பிடிக்கிற சால்மனில் சில ஆண்டுகளில் கால்வாசிக்கு மேல் ஹேச்சரியில் பொரித்து விட்டதுதான், அதுவும் 'வைல்ட்' என்றே விற்கும்.

2 அக்டோபர் 2023

மோயாற்றுப் பக்கம் வேலை பார்த்த ஒருவர் மகசீரைப் பேச்சுக்குள் இழுத்திருக்கிறார். நல்ல இழுப்பு, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு.

தெரியாதவர்களுக்கு: காவிரியில் கூன்முதுகு மகசீர் என்று ஒரு ராட்சச மீன். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உலகத் தூண்டில்காரர்களுக்கெல்லாம் தெரியும். 1970-களிலிருந்து லோனாவாலாவில் ஒரு ஹேச்சரி நீலத்துடுப்பு மகசீரைப் பெருக்கி, பல மாநில ஆறுகளுக்குக் குஞ்சு கொடுத்தது. மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணம்தான். அது காவிரிக்கும் வந்தது. கர்நாடகப் பகுதியில் தூண்டில்காரர்கள் வருடக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகளைப் பிறகு புரட்டினால், நீலத்துடுப்பு ஏற ஏறக் கூன்முதுகு இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அது தோர் ரேமாதேவி என்ற இனம்தான் என்று 2018-ல்தான் உறுதியானது, அதே ஆண்டு மிக ஆபத்தான நிலையில் இருப்பதாகப் பட்டியலிலும் ஏறியது. பெயர் வைத்த கையோடு இரங்கல் எழுதுகிற நிலை. மோயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எச்சரிக்கை என்னவென்றால், அங்கே நடந்தது ஒரு இனத்தை இன்னொரு இனம் தள்ளியது. பார்த்தாலே வித்தியாசம் தெரியும், துடுப்பு வெட்டியிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இங்கே ஒரே இனத்துக்குள் தொட்டிப் பிறப்பும் ஆற்றுப் பிறப்பும் கலப்பதுதான் பிரச்சினை. ஆரெகனில் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்களை மரபணு வைத்துப் பார்த்தார்கள். தொட்டியில் கழிகிற ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை பெற்று நிலைக்கிற திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் வந்த ஆய்வு. அந்த மீன் ஆற்றில் ஏறி ஆற்று மீனோடு கூடினால் பலவீனம் பிள்ளைக்கும் போகிறது.

நான் இவ்வளவு நாளும் தூண்டில்காரன் கண்ணால் மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அடையாளத்தின் இன்னொரு வேலை இதுதான். ஆற்றின் குறுக்கே தடுப்பு வைத்து, ஏறி வருகிற மீனில் துடுப்பு இல்லாததைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை மேலே விடலாம். அதுகூட வேண்டாம், முட்டையிட்டுச் செத்துக் கிடக்கிற மீன்களைத் திருப்பிப் பார்த்தால் நூற்றில் எத்தனை தொட்டியிலிருந்து வந்தது என்று எண்ணிவிடலாம். காவிரியில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த எண்ணிக்கையும் கிடைத்திருக்காது.

8 அக்டோபர் 2023

அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இசக்குவா ஹேச்சரிக்கு அழைத்துப் போனேன். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு கட்டியது. ஊர் நடுவே, கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரம். ஓடையில் சினூக் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுகிறது. வால் தேய்ந்து, உடம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, பாதி செத்த உடம்போடு படிக்கட்டில் தாவுகிறது. அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாராவது தண்ணி குடுத்தா தேவலை" என்றார். தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு.

அப்பா ஆடு வளர்த்தவர். துடுப்புக் கதையைச் சொன்னேன். காதை அறுத்து அடையாளம் வைக்கிற மாதிரி என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இல்லப்பா, காது அறுக்கிறது நம்ம ஆடுன்னு தெரியறதுக்கு. கூட்டத்துல கலந்தாலும் திரும்பி வந்துரும். நீ சொல்றது கோயிலுக்கு நேர்ந்து விட்ட கிடா. மாலை போட்டாச்சுன்னா வெட்டத்தான்" என்றார்.

நான் ஒரு மாதமாக இங்கே சுற்றிச் சுற்றி எழுதியதை அவர் வேலியில் சாய்ந்துகொண்டே முடித்துவிட்டார். இழைக்குத் தலைப்பை மாற்றிவிட்டேன்.

9 அக்டோபர் 2023

"நேர்ந்துவிட்ட கிடா ஊர் வயலில் மேயும், யாரும் விரட்டக் கூடாது. தொட்டி மீனும் அப்படித்தானே கடலில் மேய்கிறது" என்று மதுரைக்காரர் நீட்டியிருக்கிறார். ஆமாம், அதுவும் பொருந்துகிறது. யாருடைய புல்லை மேய்கிறது என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது. இப்போது இந்தக் கடற்பகுதியிலேயே வாழ்கிற கொலைத் திமிங்கலக் கூட்டத்துக்குச் சினூக் இரை போதவில்லையென்று ஹேச்சரிகளில் இன்னும் அதிகமாக வளர்த்து விடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் மொத்தம் எழுபத்துச் சொச்சம் திமிங்கலம்தான் இருக்கிறது. திமிங்கலம் துடுப்பைப் பார்த்துத் தின்னப்போவதில்லை.

15 செப்டம்பர் 2024

கிட்டத்தட்ட ஒரு வருடம் இழை தூங்கிவிட்டது. நேற்று நடந்ததை எழுத வேறு இடம் தோன்றவில்லை.

அதே நண்பர், அதே படகு. காலையிலிருந்து ஒரு கடியும் இல்லை. பதினோரு மணிக்கு அவர் தூண்டிலில் நல்ல கோஹோ, வெள்ளி மாதிரி மின்னியது. கைவலை என் கையில். தண்ணீருக்குள் வைத்துக் குனிந்து பார்த்தேன். துடுப்பு இருக்கிறது. இல்லை, பாதி இருக்கிறது. மேல் பாதி நேர்கோட்டில் வெட்டின மாதிரி, கீழே அடிக்கட்டை மட்டும். இயந்திரம் உயரம் தப்பி வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையால் வெட்டிய யாரோ அவசரப்பட்டிருக்க வேண்டும். முழுசாக எடுத்தால் முளைக்காது, மிச்சம் வைத்தால் கொஞ்சம் வளர்ந்துவிடும்.

"இது ஹேச்சரிதாண்டா, எந்த ஆற்று மீனுக்கு நேர்கோட்டில் துடுப்பு இருக்கும்?" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் சட்டத்தில் துடுப்பு இல்லாமல், அந்த இடத்தில் ஆறிய தழும்பு இருக்க வேண்டும். தூண்டில்காரனே படகில் வைத்து நறுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் 'ஆறிய' என்ற வார்த்தையையே போட்டிருக்கிறார்கள். இதில் துடுப்பு பாதி இருக்கிறது. படகுத்துறையில் அந்தக் கோல்காரர் முன்னால் நின்று என்னவென்று விளக்குவது?

முள் உதட்டில்தான் இருந்தது. இடுக்கியால் ஒரு திருப்பு திருப்பினேன். வலையைச் சாய்த்ததும் போய்விட்டது. நண்பர் கரை வரும் வரை என்னோடு பேசவில்லை. கரையில் அந்த ஆள் கோலோடு வந்து, "ஏதாவது இருக்கிறதா?" என்றார். வெறும் பெட்டியைத் திறந்து காட்டினோம்.